விசிலுக்குச் சம்பளம்

வல்லம் வடகால் கூட்டுரோட்டில் மாலை மூன்றரை மணிக்கு லூர்தம்மாள் விசில் ஊதினால், கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றுவிடும். போலீஸ் உடுப்பு இல்லை. யாரும் கொடுத்த அதிகாரமும் இல்லை. ஐம்பத்திரண்டு வயது. பகலெல்லாம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள், வேலை முடிந்து வந்தவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இருபது நிமிஷம் ரோட்டோரம் நின்றாள். ஷிஃப்ட் மாறும் நேரம். பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடமில்லை. பொறுமை போய், சாப்பாட்டுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் இறங்கிவிட்டாள். பஸ்கள் நின்றன. மறுநாள் பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அப்புறம் எப்படி வராமல் இருப்பது?

கால் நரம்பு சுருண்டு வலித்தது. லாரிப் புழுதியில் இருமல் விடவில்லை. ஊர் அவளைக் கொண்டாடி, விழாவுக்கு விழா பொன்னாடை போர்த்தியது. ஒன்பது சேர்ந்துவிட்டன.

போன ஜனவரியில் தம்பி மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் வேலூர் போனாள். திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, அவள் இடத்தில் நான்கு செக்யூரிட்டிகளை நிறுத்தி, நால்வருக்கும் அவள் வேலை செய்யும் கம்பெனியே ஓ.டி. சம்பளம் கொடுத்திருக்கிறது.

"நானும் சம்பளம் கேக்கப் போறேன்" என்றாள் மகளிடம்.

ஷெர்லினுக்குப் பிடிக்கவில்லை. "ஊரே உன்ன கையெடுத்துக் கும்புடுதும்மா. காசு கேட்டா எல்லாம் போயிடும்."

"கும்புடுறவங்க கும்புடட்டும். கால் வலிக்குது எனக்குத்தானே?"

சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பத்தாவது பொன்னாடையோடு வந்தாள் கம்பெனி அதிகாரி கனகலட்சுமி. லூர்தம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இது வேணாம் மேடம். அந்த நாலு பேருக்குக் குடுத்தீங்களே, அதுல ஒரு ஆளுக்கு உண்டானத எனக்கு மாசாமாசம் குடுங்க."

பின்வரிசையில் யாரோ, "சேவைன்னாங்க, இப்போ இன்னாடான்னா" என்று இழுத்தார். லூர்தம்மாளுக்குக் காது சூடேறியது.

கனகலட்சுமி திருநெல்வேலிக்காரி. தயங்கித்தான் பேசினாள்: "காசு குடுத்தா ஒங்க மனச சங்கடப்படுத்துன மாதிரி ஆயிருமோன்னுதான் கேக்கவே இல்லம்மா."

"உங்க கேன்டீன்ல காசு வாங்கிகினுதான் பாத்திரம் கழுவுறேன். என்னிக்காவது தட்டுல ஒரு பருக்கை ஒட்டிகினு இருந்துச்சா மேடம்?"

கூட்டம் சிரித்துவிட்டது. முதலில் சிரித்தது கனகலட்சுமி.

அடுத்த மாதம் கம்பெனிகள் பேசி இரண்டு பேருக்குச் சம்பளம் போட்டன. லூர்தம்மாளோடு இசைவாணி என்ற பெண்ணும் சேர்ந்தாள். ஆளுக்கொரு நாள் வார லீவு. ஆனாலும் முதல் நாள் லூர்தம்மாளுக்கு உதறல்தான். டிரைவர்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்களோ? ஒருவரும் திருப்பவில்லை. ஹாரன்தான் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

டீக்கடை அப்பாவு மட்டும் கணக்கை மாற்றினார். நான்கு வருஷமாக அவளிடம் காசு வாங்காதவர், அன்று டம்ளரை நீட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இப்போ நீயும் சம்பளக்காரி ஆயிட்டியே லூர்து. பன்னெண்டு ரூபா."

"தாராளமா வாங்கிக்க." சில்லறையை எண்ணி வைத்துவிட்டு ஒரு வாய் குடித்தாள். "நாளையிலேர்ந்து டிகாஷன் கெட்டியா போடுண்ணே. நாலு வருஷமா வெந்நீரத்தான் குடிக்கிறேன், இன்னான்னு கேக்க முடிஞ்சுதா?"