தலைக்கவசத்தில் பெயர் எழுதியவர்கள்

பயந்து பார்க்கலாம் என்று குடும்பத்தோடு கிளம்பி வருகிறவர்களைச் சேதாரமில்லாமல் வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் எங்கள் தொழில். ஞாயிற்றுக்கிழமை மச்சான் பேச்சைக் கேட்டுச் சைக்கிளில் மேடேறிவிட்டு, திங்கட்கிழமை படியிறங்க முடியாமல் டாக்டரிடம் எம்சி லீவு எடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்களும் நம்ம ஆள்தான், மேலே படியுங்கள்.

பத்திரிகையில் செய்தி எழுதி ஓய்ந்த பிறகு, நண்பர் சேகரோடு சேர்ந்து புலாவ் செபாங் பக்கம் எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தின் மூலையை வாடகைக்கு எடுத்தேன். காட்டுப் பாதையில் ஓடும் நாலு சக்கர ஏடிவி வண்டி, மலைச் சைக்கிள், தோட்டத்துப் பழைய குளத்தில் காயாக் படகு. சேகரின் மனைவி பரமேஸ்வரிக்குச் சமையல் பொறுப்பு. ரப்பர் இருந்த காலத்தில் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று எனக்குச் செய்தியாசிரியர் சொல்லிக் கொடுத்திருந்தார். இங்கேயும் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

டேப் ஒட்டிய நெற்றி

முதல் வாரம் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. ஒவ்வொருவர் தலைக்கவசத்திலும் வெள்ளை டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் பெயர் எழுத வைத்தேன். யாராவது வழி மாறினால் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் அல்லவா? பாதுகாப்புக்கு நான் கண்டுபிடித்த வழி அது. எனக்கே பெருமையாக இருந்தது.

மீ கோரேங் நூடுல்ஸ் தட்டோடு வந்த பரமேஸ்வரி அப்படியே நின்றுவிட்டார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மரங்களுக்கு நடுவே ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். தன் பெயரை யாராவது கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்கு அப்புறம்தான் ஏன் என்று கேட்பார்கள். கூப்பிடுவது மனிதரில்லை என்றால் மூன்றாவது தடவை கூப்பிடாதாம். நான் சிரித்தேன். சேகர் சிரிக்கவில்லை. பரமேஸ்வரி வரிசையாக எல்லார் நெற்றியையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேரை எழுதி நெத்தியில ஒட்டிக்கிட்டு உள்ள போறீங்களே அண்ணே, தெரியாததுக்கும் தெரியட்டும்னா?”

முழுப் பெயர்

அதே கூட்டத்தில் ஒரு பெண்ணை எல்லோரும் ‘பவி, பவி’ என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். “பவி விழுந்தா குளத்துத் தண்ணி பூரா வெளிய வந்துரும் லா!” என்று கத்தினான் ஒருவன். “நீ விழுந்தா மீனெல்லாம் ட்ரான்ஸ்ஃபர் கேக்கும், பேசாம ஓட்டு!” என்றாள் அவள். காற்றே இல்லாத மதியம். குளம் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவளுடைய காயாக் மட்டும் மெதுவாகத் திரும்பி, கோரைப்புல் அடர்ந்த மூலையை நோக்கிப் போனது. அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன்.

நான் விசில் ஊதினேன். கரைக்கு வந்ததும் ஏன் அங்கே போனாய் என்று கேட்டேன். சேகர் அண்ணன் அந்த மூலையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாரே என்றாள். சேகர் என் பக்கத்தில் வாய் நிறைய மீ கோரேங்கோடு நின்றுகொண்டிருந்தார். கூட வந்தவர்கள் யாராவது விளையாடியிருப்பார்கள் என்றேன். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி, டேப்பில் இருந்த ‘பவித்திரா’வையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இவங்க யாருக்கும் என் முழுப் பேரு தெரியாது அங்கிள், இன்னிக்கு இதுலதான் எழுதுனேன்.”

மறுநாள் சேகர் குளத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார். காயாக் இரண்டையும் விற்றுவிட்டோம்.

மாப்பிள்ளை

சேகரின் மகள் கவிதாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். மாப்பிள்ளை தினேஷ் மஸ்ஜித் தானாக்காரர், டவுனில் வளர்ந்தவர். புதுச் சம்பந்தம் கொஞ்சம் நெருங்கட்டும் என்று எல்லோருமாகச் சைக்கிள் ஓட்டக் கிளம்பினோம். தினேஷுக்கு ஆஸ்துமா. மூச்சுக்கு அடிக்கும் மருந்து பம்ப்பு கவிதாவின் கைப்பையில் இருந்தது. மேடேறும்போது கவிதா பின்தங்கிவிட்டாள். தினேஷ் வேகமாகப் போய் வரிசை மாறிவிட்டார். செம்பனையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசைதான். கைப்பேசிக்கு லைன் கிடையாது. வானம் வேறு இருண்டுகொண்டு வந்தது.

ஆளுக்கொரு திசையில் போனோம். ஒரு தடவை “தினேஷ்!” என்று கத்துவது, காது கொடுத்துக் கேட்பது, நகர்வது. அதுவும் நான் சொல்லிக் கொடுத்த முறைதான். பதிலே இல்லை. பம்ப்பை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அவருக்கு மூச்சு நின்னுரும்ப்பா, அவ்வளவு நேரம் தாங்காது” என்று கவிதா அழுதாள்.

சமையற்கொட்டகையிலிருந்து ஓடிவந்த பரமேஸ்வரி எங்கள் கூச்சலைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனார். ஒரே குரல் அடுத்தடுத்து மூன்று தடவை கூப்பிடாமல் யாருக்கும் பதில் சொல்லாதே என்று காலையில் மாப்பிள்ளையிடம் அவர்தான் சொல்லியிருந்தார். மாமியார் பேச்சைத் தட்டாத புது மாப்பிள்ளை. “எல்லாரும் வாய மூடுங்க! பேரே சொல்லாதீங்க!” என்று அதட்டிவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு தடவை குரல் கொடுத்தார்: “மாப்பிள்ளே!”

டொக், டொக் என்று சத்தம் வந்தது. மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, தலைக்கவசத்தால் மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார் தினேஷ். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேச மூச்சில்லை. கவிதா பம்ப்பை அவர் வாயில் வைத்தாள். மழை கொட்டத் தொடங்கியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மூச்சு திரும்பியதும் சேகர் வெடித்தார். “நாங்க கத்துனது கேக்கலையா? அப்பவே தட்டுறதுக்கு என்னா?”

“கேட்டுச்சு மாமா. குளத்துப் பக்கத்துலேர்ந்தும் ஒரு ஆளு கூப்பிட்டாரு, அதுவும் உங்க குரலாத்தான் இருந்துச்சு. எது நீங்க, எது அதுன்னு தெரியலை.”

குளத்துப் பக்கம் எங்களில் யாரும் போகவில்லை. வேலி போட்டதிலிருந்து அந்தப் பாதையே இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டது என்று பரமேஸ்வரி மட்டும் மெல்லக் கேட்டார். தினேஷ் சொன்னார்: “ரெண்டு தடவை அத்தே, மூணாவதும் கூப்பிட்டா எழுந்து போயிரலாம்னுதான் உக்காந்திருந்தேன்.”

மச்சான், சித்தப்பா, அண்ணி

இப்போது தலைக்கவசத்தில் டேப் இல்லை. உள்ளே போகுமுன் எல்லோரையும் நிற்க வைத்து, பரமேஸ்வரி ஆளுக்கொரு முறை வைக்கிறார். நீ மச்சான், நீ சித்தப்பா, நீ அண்ணி. வெளியே வரும்வரை அதுதான் பெயர். போன வாரம் ஒரு கம்பெனி மேனேஜர், தன்னிடம் வேலை பார்க்கிற பையனுக்கு மச்சானாக வேண்டியிருந்தது. பையன் அன்றைக்கு முழுக்க, “டேய் மச்சான், பிரேக் பிடி லா!” என்று ஆசை தீரக் கத்தினான்.

தினேஷ் சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகிறார். பம்ப்பு இப்போது அவர் கழுத்திலேயே தொங்குகிறது. எல்லா வேலையும் செய்வார், குளத்து வேலிப் பக்கம் மட்டும் போகமாட்டார். இன்னுமா பயம் என்று ஒரு நாள் கேட்டேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: “பயமெல்லாம் இல்ல அங்கிள், அந்த மூணாவது இன்னும் பாக்கி இருக்கு, அதான்.”

வருகிற அத்தனை பேருக்கும் ஓர் உறவுமுறை வைத்தாகிவிட்டது, குளத்தங்கரையிலிருந்து கூப்பிடுகிறவர் எங்களுக்கு என்ன முறை என்பதைத்தான் பரமேஸ்வரி இன்னும் சொல்லவில்லை.