சாப்பாட்டுக்குப் பயந்த நாட்களில் கர்த்தர் தந்த பதில்

நான் சாகப்போகிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ பக்கத்தில் நின்று காதில் சொன்னது மாதிரி அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. நல்ல வெயில் அடிக்கும் காலை நேரம். கையில் இரண்டு பார்சல். ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடிப் படியில் நின்றிருந்தேன்.

சபையில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதித் தருகிறேன். என் பெயர் ரூபி. கெடா மாநிலம் மெர்கோங்கில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஞானம் கார் பட்டறையில் மெக்கானிக். ஒரே மகள் ஷாலினி, இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கிறாள். பல வருஷம் ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். கடையை மூடிய பிறகு பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். மோட்டார் சைக்கிளில் போவேன். லிப்ட் இல்லாத பிளாட்களில் படி ஏறுவேன். உடம்பு ஆரோக்கியமாகத்தான் இருந்தது. தலைவலி மாத்திரைகூட அதிகம் போடாதவள் நான்.

போன வருஷம், தைப்பூசம் முடிந்த வாரம் அது. வழக்கமாக வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவள், அன்றைக்கு அவசரத்தில் கடையில் பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய் இரண்டும் மீன் கறியும் சாப்பிட்டேன். பிறகு பார்சல்களைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். இரண்டாம் மாடியில் உள்ளங்கை அரித்தது. பிறகு உள்ளங்கால். வேர்க்குரு என்று நினைத்துச் சொறிந்துகொண்டே ஏறினேன். கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு எழுந்தது. உதடு கனத்தது. வயிற்றைப் பிசைந்தது. தொண்டைக்குள் ஏதோ உருண்டை வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. கதவைத் தட்டி "பார்சல்" என்று கூப்பிட்டேன். வந்த குரல் என்னுடையது இல்லை. கரகரவென்று ஆண்பிள்ளைக் குரல்.

கதவைத் திறந்தது ஒரு மலாய்க்கார அக்கா. பெயர் நோர் என்று பிறகுதான் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும், "அவாட் நீ, டிக்?" என்று கேட்டார். என்ன ஆச்சு தங்கச்சி என்று கெடாக்காரர்கள் கேட்கிற கேள்வி. எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கண் இருட்டியது. அவர் என்னை வாசலிலேயே படுக்க வைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் அடித்தார். "இயேசுவே" என்று ஒரு தடவைதான் கூப்பிட முடிந்தது.

ஆம்புலன்சில் வந்தவர்கள் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இருதயம் படபடவென்று அடித்தது. கை நடுங்கியது. ஆனால் மூச்சு வந்தது. மூச்சு என்பது எவ்வளவு ருசியான பொருள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில், இது சாதாரண அரிப்பு இல்லை, உயிரை எடுக்கக்கூடிய அலர்ஜி என்றார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். மீன் கறி என்றேன். மீனாகவோ அதில் கலந்திருந்த இறாலாகவோ இருக்கலாம், மேற்கொண்டு பரிசோதிக்க நாள் தருகிறோம், அதுவரை இரண்டையும் தொட வேண்டாம் என்றார்கள். சரியென்று மீன், இறால், கணவாய், நெத்திலி எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாதங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. கண்டுபிடித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தோம்.

அப்போதுதான் சபைக் குடும்ப விளையாட்டு நாள் வந்தது. ஜித்ரா பக்கத்துத் தோட்டத்துத் திடலில் வைத்தோம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். காலையில் வெண்ணெயும் ஜாமும் தடவிய பன் சாப்பிட்டு, டீ குடித்தேன். மீன் வாடைகூட இல்லை. அப்புறம் பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டி. எங்கள் பக்கம் ஜெயித்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டு புல்லில் விழுந்தோம். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை.

உள்ளங்கை. உள்ளங்கால். வயிறு. தொண்டை. அதே வரிசை.

"காத்து அடைச்சிருக்கும், சுடுதண்ணி குடு" என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் என்னை உட்கார வைத்து முதுகைத் தட்டினார். உட்கார்ந்ததும் உலகமே சுற்றியது. ஷாலினிதான் கத்தினாள். "அப்பா, அம்மா கொரல் மாறிடுச்சுப்பா! அன்னைக்கி ஆச்சுன்னு சொன்ன மாதிரியே இருக்குலா!" என் வீட்டுக்காரர் ஓடிவந்து என்னைக் காடியின் பின் சீட்டில் கிடத்தி, ஜித்ரா ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். மறுபடியும் ஊசி. மறுபடியும் உயிர்.

ஆனால் இந்த முறை நிம்மதி திரும்பி வரவில்லை. மீன் இல்லை என்றால் வேறு எது? வெண்ணெயா, ஜாமா, டீத்தூளா? அதையெல்லாம்தான் வீட்டில் தினமும் சாப்பிடுகிறேனே! சாயங்காலம் டீயில் ரொட்டி நனைத்துச் சாப்பிட்டுவிட்டு டிவி பார்ப்பேன், ஒன்றும் ஆகாது. இன்றைக்குச் சும்மா விடுகிற உணவு நாளைக்குக் கொல்லும் என்றால் மனுஷி எதைத் தின்பது? கடைசியில் வெறும் அரிசிக் கஞ்சிக்கு வந்துவிட்டேன். அதையும் பயந்து பயந்து குடித்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வேலைக்கு லீவு போட்டேன். நான் சாப்பிடும்போது ஷாலினி எதிரில் உட்கார்ந்து என் தொண்டையையே பார்ப்பாள். விழுங்கி முடித்த பிறகுதான் அவள் தன் தட்டில் கை வைப்பாள். பெற்ற பிள்ளை அப்படிப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா, "யாரோ ஒன் மேல கண்ணு வெச்சிட்டாங்க, ரூபி. போய்ப் பாத்து ஒரு கயிறு கட்டிக்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் கட்டவில்லை. ஆனால் அந்தப் பயம் எனக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரா என்றுகூட நினைத்தேன்.

ஒரு மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் கஞ்சி கொதித்தது. எனக்கு அழுகை பொங்கியது. அப்படியே சமையலறைத் தரையில் முழங்கால் போட்டேன். அதுவரை, "இதை என்னைவிட்டு எடுத்துப் போடும்" என்றுதான் ஜெபித்திருந்தேன். அன்றைக்கு வாயில் வேறு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, எடுத்துப் போடுங்கன்னு இனிமே கேக்க மாட்டேன். இது என்னான்னு மட்டும் எனக்குக் காட்டுங்க. தெரிஞ்சா நான் பயப்பட மாட்டேன்." அவ்வளவுதான். எழுந்து முகம் கழுவினேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எந்தக் கனவும் வரவில்லை. ஆனால் கஞ்சியை அன்றைக்கு நடுங்காமல் குடித்தேன்.

அதே வாரம் பெண்கள் ஜெபக் கூட்டம். எங்கள் குழுவை நடத்தும் மார்த்தா அக்கா வீட்டில் கூடினோம். என்னைச் சுற்றி உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அக்கா டீ ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் ரூபி, வீட்ல சும்மா உக்காந்திருக்கும்போது ஒரு தடவையாச்சும் இப்படி வந்திருக்கா?"

"இல்லக்கா. ஒரு தடவகூட வந்ததில்ல."

"படி ஏறும்போது வந்துச்சு. கயிறு இழுக்கும்போது வந்துச்சு. அப்ப சாப்பாட்ட மட்டும் ஏன்மா புடிச்சிக்கிட்டு நிக்கிற?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டீ கிளாசை அப்படியே கீழே வைத்தேன். அக்காவுக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. ஏன் அப்படிக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. "என்னமோ கேக்கணும்னு தோணுச்சு" என்றார். எனக்குத் தெரியும் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று.

பரிசோதனைக்குக் கொடுத்திருந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அலர்ஜியைப் பார்க்கும் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். இரண்டு தடவையும் உடம்பு வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் வந்தது என்று உட்கார்ந்ததும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"படி ஏறுறதுக்கு முன்னாடி என்ன சாப்ட்டீங்கக்கா?"

"ரொட்டி சானாய், டாக்டர்."

"கயிறு இழுக்கிறதுக்கு முன்னாடி?"

"பன்னு."

"ரெண்டும் கோதும மாவுதானே?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். "சில பேருக்கு கோதும சாப்ட்டா மட்டும் ஒண்ணும் ஆவாது. ஓடுனா மட்டும் ஒண்ணும் ஆவாது. சாப்ட்டுட்டு ஓடுனாத்தான் வரும். சில வலி மாத்திரைகூட இத தூண்டி விடும். எந்த வயசுலயும் ஆரம்பிக்கலாம். நீங்க இதச் சொன்னது ரொம்ப ஒதவி. நேரா அதுக்குண்டான ரத்த டெஸ்டுக்கே போயிடலாம்."

டெஸ்டும் அதையே சொன்னது. கோதுமையில் உள்ள ஒரு புரதம்தான் காரணம். கையில் வைத்துக்கொள்ள அட்ரினலின் ஊசிப் பேனா எழுதிக் கொடுத்தார். எப்படிக் குத்துவது என்று வெறும் பேனாவை வைத்துப் பழக்கிக் காட்டினார். மீன் இனி சாப்பிடலாம் என்றும் சொன்னார். அன்று ராத்திரி நான் மீன் குழம்பு வைத்தேன். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஷாலினி என் தொண்டையைப் பார்க்கவில்லை. மீனில் முள் எடுப்பதிலேயே மும்முரமாக இருந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் சாட்சி சின்னதாக இருந்திருக்கும். இன்னும் ஒன்று நடந்தது.

மீண்டும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். என் வீட்டுக்காரருடன் வேலை செய்யும் ஒருவரின் மகள் கல்யாணம், செமிலிங்கில் ஒரு மண்டபத்தில். சைவச் சாப்பாடு. ரொட்டி, கேக் எதையும் தொடாமல் சோறும் காய்கறியும் போட்டுக்கொண்டேன். கூடவே சைவ மட்டன் பிரட்டல். சோயாவில் செய்தது என்று நினைத்து ஆசையாகச் சாப்பிட்டேன். கோதுமையிலிருந்து எடுக்கும் சத்தில் அதைச் செய்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. வெளியே வந்தால் கொட்டுகிற மழை. காடி மேட்டின் மேல் தூரத்தில் நின்றது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவரும் நானும் ஓடினோம்.

காடிக் கதவைத் திறக்கும்போது உள்ளங்கை அரித்தது.

முன்பென்றால் வேர்க்குரு என்று சொறிந்திருப்பேன். அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என்னங்க, அது வந்துருச்சு" என்றேன். தொண்டை ஏற்கெனவே இறுக ஆரம்பித்திருந்தது.

"வெளையாடாத ரூபி."

"வெளையாடல. சீட்ட சாச்சி விடுங்க. பேக்ல பேனா இருக்கு, எடுங்க."

சாய்ந்து படுத்தேன். காலை டேஷ்போர்டு மேல் தூக்கி வைத்தேன். சேலைக்கு மேலேயே தொடையின் வெளிப்பக்கம் பேனாவை வைத்து அழுத்தினேன். டாக்டர் சொன்னபடி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆம்புலன்சுக்குப் பேசினார். அவர் குரல் நடுங்கியது. என் மனசு மட்டும் அசையவில்லை. மழை கண்ணாடியில் அடித்தது. "ஆண்டவரே, நீர் காட்டிக் கொடுத்தீர். இனி நடத்துவதும் நீர்தான்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன். மூச்சு மெல்ல மெல்லத் திறந்தது. நன்றாகிவிட்டது போல் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கினேன். மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

வார்டில் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். நான் முதலில் கேட்டபடி இந்த அலர்ஜியை ஆண்டவர் எடுத்துப் போடவில்லை. இன்றும் என் உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் பயத்தை எடுத்துப் போட்டார். இருட்டில் அடித்த எதிரியை வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு இது போதும். நிறையவே போதும்.

இப்போது கோதுமையை அடியோடு விட்டுவிட்டேன். தெரியாத பண்டம் என்றால் கூச்சப்படாமல் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். பேனா இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. எங்கள் ஜெபக் குழுவில் எல்லோருக்கும் அதைப் போடத் தெரியும். உடம்பும் தேறிவிட்டது. போன மாதம் எடுத்த புதுச் சட்டை அதற்குள் இறுக்குகிறது, ஸ்தோத்திரம்!

அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது சாப்பிட்ட பிறகோ, மருந்து போட்ட பிறகோ, குளவி கொட்டிய பிறகோ உள்ளங்கை அரித்து, உடம்பு தடித்து, குரல் மாறி, மூச்சு இரைத்தால் காத்து என்று சொல்லிவிடாதீர்கள். சுடுதண்ணீர் வைக்க ஓடாதீர்கள். படுக்க வையுங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் சாய்த்து உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசிப் பேனா இருந்தால் உடனே போடுங்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். கை அதைச் செய்துகொண்டிருக்கும்போதே வாய் ஜெபிக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இன்றைக்குப் பதில் தெரியாத ஏதோ ஒன்றோடு நீங்கள் போராடிக்கொண்டிருக்கலாம். அது நோயாக இருக்கலாம், குடும்பமாக இருக்கலாம். அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காதைத் திறந்து வையுங்கள். எனக்கு அவர் அனுப்பிய பதில் டீ ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சகோதரியின் வாயில் கேள்வியாக வந்தது. உங்களுக்கு யார் வாயில் வரும் என்று நான் சொல்ல முடியாது. வரும் என்று மட்டும் சொல்வேன். உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.