உப்பில்லாத ஏழு மாதம்

கண்டி மாநகர சபையில் முப்பது வருடத்துக்கு மேல் தண்ணீர் மீட்டர் வாசித்து ஓய்வுபெற்ற சேதுராமனுக்கு அறுபத்தெட்டு வயதில் பிரஷர் ஏறியது. பழி ஏறியதோ மனைவி ஞானேஸ்வரியின் தலையில்.

கிளினிக்கில் மாத்திரையை ஒன்றிலிருந்து மூன்றாக்கியும் கிளினிக் கொப்பியில் எழுதும் பிரஷர் எண் இறங்கவில்லை. "வீட்டுச் சாப்பாட்டில் உப்புக் கூடுதல்" என்று அங்கே யாரோ சொன்னதைச் சேதுராமன் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கருவாடு போனது, ஊறுகாய் போனது, பருப்பில்கூட ஞானேஸ்வரி உப்பைக் கண்ணில் காட்டவில்லை. அப்படியும் ஏழு மாதமாக எண் அசையாததால், வத்தளையில் இருக்கும் மகள் பாலாம்பிகை தொலைபேசியில் கேட்டே விட்டாள்: "ஒளிச்சு ஒளிச்சுப் போடுறீங்களாம்மா? அப்பாவக் கொன்னுடாதீங்க."

அன்று ஞானேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

சேதுராமனின் குறட்டையை மட்டும் யாரும் நோயாக நினைக்கவில்லை. மனிதர் அசந்து தூங்குகிறார் என்று சொல்லி, அவள் எப்போதோ முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். பகலில் பத்திரிகையோடு அவர் தலை சாய்ந்தால், பென்ஷன்காரர் தூக்கம் என்று சிரித்தார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "இன்னைக்கு நானும் வாறேன். என் சமையல்ல என்ன குத்தம்னு நானே கேக்குறேன்."

கிளினிக்கில் வாங்குப்பலகையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சேதுராமன் தூங்கிவிட்டார். குறட்டை கூடத்தையே நிறைத்தது. "ஐயாவுக்குப் பாயும் கொண்டாந்து போடுங்க" என்று பின்னால் ஒருவர் கேலி செய்தார். சட்டென்று சத்தம் அறுந்தது. நெஞ்சு மேலும் கீழும் இழுத்தது, மூக்கில் காற்றில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர்போல் திணறி மூச்சு வாங்கினார். கண் திறக்கவில்லை.

பிரஷர் பார்க்க வந்த தாதி றமீலா நின்றுவிட்டாள். "அம்மா, எப்பவும் இப்பிடித்தானா?"

"குறட்டைதானே மிஸ்."

"குறட்டை மட்டுமில்லம்மா, மூச்சு நிக்குது." அடுத்த முறை மூச்சு நின்றபோது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினெட்டு செக்கன்."

டொக்டர் விளங்கப்படுத்தினார். தூக்கத்தில் தொண்டை அடைபடுகிறது, உடல் ஒவ்வொரு முறையும் பதறுகிறது, அந்தப் பதற்றத்தில் பிரஷர் ஏறுகிறது. ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பரிசோதித்தபோது, மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு நின்றிருந்தது.

பாலாம்பிகை, தூங்கும்போது மூக்கில் காற்று ஊதும் இயந்திரத்தை வாங்கி அனுப்பினாள். "பெரஹரா ஊர்வலத்து யானை மாதிரி இருக்கேன்" என்று முதல் வாரம் முழுக்க முகமூடியைக் கழற்றி எறிந்தார் சேதுராமன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் எழுந்து, "தல பாரமே இல்ல ஞானம்" என்றார், நம்பமுடியாதவர்போல்.

மூன்று மாதம் கழித்துக் கொப்பியில் எண் நூற்றுமுப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. ஒரு மாத்திரையைக் குறைத்தார்கள். "உப்பக் கூட்டிராதீங்க. ஆனா உங்க கையில பிழ இல்லம்மா" என்றாள் றமீலா.

வீடு போகும்வரை சேதுராமன் பொறுக்கவில்லை. கிளினிக் படியில் நின்றே மகளைத் தொலைபேசியில் அழைத்தார். "அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு" என்று சொல்லி, தொலைபேசியை ஞானேஸ்வரியிடம் நீட்டினார்.

மறுமுனையில் விசும்பல் கேட்டது. "சரி சரி, அழாத. பிள்ளைகளுக்குச் சாப்பாடு குடுத்தியா?" என்று கேட்ட ஞானேஸ்வரியின் கண்ணிலும் நீர் முட்டியது. தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ கேட்டுட்டா. நீங்க இன்னும் கேக்கலையே?"