முள் இறங்கும் நாட்கள்

ஹோபர்ட் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. சமையலறைச் சுவரில் தொங்கிய காற்றழுத்தமானியின் முள் நடுங்கி, கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. அவர் மூச்சை அளந்துபோக மருத்துவமனையிலிருந்து முதல்முறையாக வந்திருந்த நோரீன், மழை வருமா என்று கேட்டாள். அவள் மலைக்கு அந்தப் பக்கத்து டவுனில் வளர்ந்தவள்.

“மழைய யாரு கண்ணு பாத்தா? இது சுரங்கத்து கேஸுக்கு,” என்றார் ஹோபர்ட். “வெளிய காத்து கனமா இருந்தா மலை வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கும். கனம் கொறஞ்சா மூச்சு விட ஆரம்பிச்சிரும். பழைய சுரங்கத்துல அடைஞ்சு கெடக்குற கேஸெல்லாம் ஆளுங்க நிக்கிற எடத்துக்கு வந்துரும். ஒரு பொறி பட்டா போதும்.”

“மலையாவது மூச்சு விடுது. இந்த மனுசனுக்கு அதுக்கும் வழியில்ல,” என்றாள் அவர் மனைவி ஓபல், அடுப்பைப் பார்த்தபடி.

ஹோபர்ட் சிரிக்கப் போய் இருமினார். சிரிப்பு நின்ற பிறகும் இருமல் நிற்கவில்லை.

ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் நிலக்கரி வெட்டியவர். மூக்கில் பிராணவாயுக் குழாய். நெற்றித் தோலுக்கடியில் நீலப் புள்ளிகளாகக் கரித்தூள். படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியிலேயே தூங்குகிறார். அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்துச் சூரியன் பத்து மணிக்கு மேல் வந்து மூன்று மணிக்குள் போய்விடும். அது போவதற்கு முன், மாலை ஷிப்ட் கிளம்பும் நேரத்தில், முள் இறங்கியிருந்தால் அந்த ஷிப்டுக்குப் போகிறவர்களின் ஏழு வீடுகளுக்குப் போன் செய்வார். நலம் விசாரிப்பதில்லை. “எறங்குது,” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். மான் வேட்டைக்குப் போக நினைப்பவர்கள் அதையே சாக்காகச் சொல்லி மட்டம் போடுவதும் உண்டு. சுரங்கத்திலேயே நல்ல கருவிகள் இருக்கின்றன, வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று மேஸ்திரி இரண்டு முறை சொல்லியனுப்பிவிட்டார்.

பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு நவம்பரில் ஹோபர்ட் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துவிட்டாராம். முள் சிக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. பயமில்லை, போ என்று தம்பி கிளெல்லை அனுப்பிவைத்தார். அன்று சுரங்கத்தில் வாயு வெடித்தது; இரண்டு நாள் கழித்துத்தான் கிளெல்லையும் இன்னும் இருவரையும் பிணமாக வெளியே எடுத்தார்கள். சுரங்கத்துக்குள் காற்றை ஓட்டும் பெரிய விசிறி நின்றதுதான் காரணம் என்றது விசாரணை அறிக்கை. அதை ஹோபர்ட் இன்றுவரை ஏற்கவில்லை. இதையெல்லாம் நோரீனிடம் வாசலில் வைத்துச் சொன்னது ஓபல்தான்.

அவர்களுடைய ஒரே மகன் வெண்டலும் மாலை ஷிப்டில்தான் போகிறான். இரண்டு பிள்ளைகள். இன்னும் ஒரு நாள் மட்டம் போட்டால் வேலை போய்விடும். அப்பா சொல்கிற நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டான். அந்தக் குளிர்காலத்தில் முள் எட்டு முறை இறங்கியது. எட்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் அப்பாவின் போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நோரீன் போனபோது மணி ஒன்றரை. முள் இவ்வளவு கீழே போய்த் தான் பார்த்ததில்லை என்றாள் ஓபல். ஹோபர்ட் ஐந்து முறை கூப்பிட்டிருந்தார். வெண்டல் எடுக்கவில்லை. நோரீன் குறிப்பேட்டைத் திறப்பதற்குள், அவர் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது.

“ஒன் போன்ல கூப்புடு கண்ணு. ஆஸ்பத்திரி நம்பர்னா எடுப்பான். அப்பன் போகப் போறான், ஒடனே வான்னு சொல்லு. அந்த லீவ மட்டும் கம்பெனில மட்டமா எடுத்துக்க மாட்டாங்க.”

நோரீன் வெண்டலின் எண்ணை அழுத்திவிட்டு, ஒரு கையில் போனோடு எழுந்து குழாயை மறுபடி மாட்டப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“இருக்கட்டும். போன இன்னும் கிட்ட கொண்டா. இந்த விசில் அவனுக்குக் கேக்கணும்.”