தெரியாதவருக்கு ஒரு பை ரத்தம்

எல்லா உயிரும் சமம் என்று நிரூபித்துவிட்டால் யாருக்கும் எதுவும் கொடுக்காமல் தப்பிக்கலாம் என்று போன வாரம் வரை உண்மையாகவே நம்பினேன்.

ஒரு தத்துவக் கட்டுரை படித்ததன் விளைவு. எங்கள் ஊர் மடவளையில் பசித்தவனும் மடகாஸ்கரில் பசித்தவனும் ஒன்றுதானாம். கேட்பவர் சொந்தமா, பக்கத்து வீடா என்று பார்க்கக் கூடாது. எங்கே அதிகப் பலன் என்று மட்டும் பார்க்க வேண்டும். அப்படியானால் யார் கேட்டாலும், ‘உங்களைவிடக் கஷ்டப்படுபவர் எங்கோ இருக்கிறார்’ என்று கையை விரித்துவிடலாம். என்னைப் போன்ற கஞ்சனுக்கு இதைவிட உயர்ந்த தத்துவம் வேறென்ன வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டு நஸீர் நானா (எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்களை நானா என்போம்) கேட்டைத் தட்டினார்.

“தம்பி, மகளுக்கு இண்டைக்கு ஒபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் குறைவாம். குடுக்க ஆள் இருந்தா கூட்டிவரச் சொன்னாங்க. உங்களுக்கு அதுதானே?”

என் டிரைவிங் லைசன்ஸ் படம் திருடனைப் போல இருக்கும். சிரிக்கட்டுமே என்று ஒருநாள் அவரிடம் காட்டியிருந்தேன். அதில் ரத்த வகையும் அச்சடித்திருக்கிறார்களே... யாருக்கு ஞாபகம்?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன் – எனக்கு ஊசி என்றால் உயிர் போகும். தத்துவத்தை உருவினேன்.

“நானா, ஒங்க மகள்ங்கிறதால கேக்குறீங்க. நாம தெரியாதவங்களையும் சமமாப் பாக்கணும் இல்லையா?”

நானாவின் கண்கள் சிவந்திருந்தன, இரவு முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார்.

“சரி தம்பி. என்னையும் தெரியாத ஆள் எண்டு நினைச்சிக்கிட்டு ஓட்டோல ஏறுங்க.”

ஏறினேன். ஓட்டோ கண்டி ஆஸ்பத்திரியில் போய் நின்றது. ரத்த வங்கியில் நர்ஸ் மிஸ் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சேர், ஒங்க ரத்தத்த டெஸ்ட் பண்ணித்தான் குடுப்போம், இன்னைக்கு ஆகாது. இவரோட மகளுக்கு ஸ்டொக்ல இருந்த கடைசிப் பையை எடுத்தாச்சு. ஒங்களோடது வேற யாருக்காவது போகும்.”

அப்பாடா. கதிரையை விட்டுப் பாதி எழுந்தும் விட்டேன். “அப்ப எனக்கு வேலை இல்லையே மிஸ்...”

தோளில் நானாவின் கை விழுந்தது. “தெரியாத ஆளுக்குத்தான் தம்பி போகுது. நீங்க சொன்ன மாதிரியே.”

கட்டுரை எழுதிய பெரிய மனிதர்கள் இதை மட்டும் எழுதவில்லை: தத்துவம் நம் பக்கம் திரும்பினால், ஊசியோடுதான் திரும்பும்.

விரல் நுனியில் குத்தியதற்கே கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். பெரிய ஊசி ஏறியபோது நானாவின் சட்டையைப் பிடித்திருந்தேன்; ஒரு பட்டன் என் கையோடு வந்துவிட்டது.

ஒரு பை ரத்தம் கொடுத்தேன். அது யாருக்குப் போனது என்று தெரியாது. நானாவின் மகளுக்கு ஏறியது யார் கொடுத்தது என்றும் தெரியாது. அவள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள்.