கடல் சார் திருத்திய அம்புக்குறி

மலையடிவாரத்து நிலவியல் அலுவலகத்தில் அவருக்குக் கடல் சார் என்று பட்டப்பெயர். கடல் இருப்பதென்னவோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் சார் கையில் எந்தக் கல்லைக் கொடுத்தாலும் அதில் அலையடிக்கும். சாலைக்காக வெட்டிய மலைச்சரிவில் கீழே களிமண் பாறை, நடுவே மணல், உச்சியில் கூழாங்கல். ஆகவே முதலில் கடல், பிறகு கரை, கடைசியில் ஆறு. மலை எழும்ப எழும்பக் கடல் பின்வாங்கிவிட்டது என்று இருபது வருடமாக எழுதிவந்தார். கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தவர் மாதிரிதான் பேசுவார்.

இதை மறுத்தவன் ஒரே ஒருவன். அதுவும் யார்? தங்கையின் புருஷன், அவருக்குக் கீழே உதவியாளன். "அடுக்கே கவுந்து கிடக்கு மச்சான். ஆறுதான் முதல்ல, கடல் பிறகுதான்" என்றான். மேலதிகாரியிடம் பேசுகிற பேச்சா இது! சார் அவனைக் கல் மாதிரிகள் வைக்கும் கிடங்குக்குத் தூக்கியடித்தார். அன்றோடு தங்கை அவரிடம் பேச்சை நிறுத்தினாள். "எல்லாம் ரெண்டு நாள்ல சரியாயிடுவா" என்று மனைவியிடம் சொன்னார். பாறைக்கு வயது சொல்கிற மனுஷன். கணக்குப் பதினோரு வருடம் பிசகிவிட்டது. அண்ணா என்று அவள் கூப்பிடமாட்டாளா என்று ஏங்கினார், ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை.

ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. அவருடைய கடல் அறிக்கை புத்தகமாக வரப்போகிறது. அட்டைப்படம் எடுக்க மலைச்சரிவுக்குப் போனார். முந்தின நாள் மழை பாறையைக் கழுவிவிட்டிருந்தது. பழைய சேற்று வெடிப்புகள் பளிச்சென்று தெரிந்தன. குளம் வற்றினால் சேறு வெடிக்கும், வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். இங்கே ஒடுங்கிய பக்கம் மேலே இருந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்காக மலை திரும்புவதாக இல்லை. எழும்பும்போதே அது அடுக்குகளை மடித்துக் கவிழ்த்துவிட்டிருந்தது.

நேரே கிடங்குக்குப் போனார். தங்கை புருஷன் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, அடுக்கு கவுந்துதான் கிடக்கு."

"அப்படிங்களா சார்?"

"சேத்து வெடிப்பே இருக்கு! இப்படி ஒரு ஆதாரம் இருந்தா அன்னைக்கே காட்டியிருக்கக் கூடாதா?"

அவன் அடித்தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தான். அதே வெடிப்பு. கல்லைப் பெயர்க்கும் முன், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அதில் அம்புக்குறி போடுவது வழக்கம். ஒடுங்கிய பக்கம் பார்த்து அவன் போட்ட கறுப்பு அம்பு இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்து, எதிர்த்திசையில் இன்னொரு அம்பு. 'அம்பு போடக்கூடத் தெரியாதா?' என்று ஒரு குறிப்பு. கீழே சாரின் கையெழுத்து.

சாரின் முகம் சுண்டிப்போனது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இத ஏம்ப்பா இன்னும் வெச்சிருக்கே?"

"நான் எப்பவோ தூக்கிப் போட்டிருப்பேன். உங்க தங்கச்சிதான் விடல. எங்கண்ணன் ஒருநாள் தானா வருவாரு, அப்ப காட்டுங்கன்னா."

சார் கல்லின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"இப்ப வீட்லதான் இருப்பாளா?"

"இருப்பா. கல்லயும் எடுத்துட்டுப் போங்க மச்சான்" என்றான் அவன். "இந்தத் தடவ நேராப் புடிங்க."