வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு

என்னைப் பார்த்து இதுவரை ஒரு நாய்கூடப் பயந்ததில்லை. அதனால்தான், மாமா என் அக்காவையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு பெங்களூருக்குப் போனபோது, கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருந்த அவள் வீட்டுக்குக் காவலாக ஒரு ஜோடி செருப்பை வாங்கிக் கொடுத்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு. அது வாசலில் கிடந்தால், பௌர்ணமிக் கூட்டத்தில் எவனும் கதவைத் தட்ட மாட்டான். அக்கா தினமும் அதில் சேறு பூசி, இடம் மாற்றி வைப்பாள். பக்கத்து வீட்டு மோர்க்கார அம்மாளிடம், “அவருக்கு நைட் டூட்டி” என்றும் சொல்லி வைத்திருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் சத்துணவுக்கு ஆள் எடுத்தார்கள். கணவன் கைவிட்டவர்களுக்கு முன்னுரிமை. அதற்குச் சான்றிதழ் வேண்டும். விசாரிக்க வந்த கிராம அலுவலர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யார்துமா இது?”

“தம்பிதுங்க சார்.”

மோர்க்கார அம்மாள் உதவிக்கு ஓடி வந்தாள். “அவங்க வூட்டுக்காரர்துங்க. பாவம், நைட் டூட்டி.”

நான் பாய்ந்துபோய், “என்துதான் சார்” என்று காலை நுழைத்துக் காட்டினேன். பின்னால் இன்னொரு குதிகாலுக்கு இடமிருந்தது.

“ஏம்பா, வளந்தப்புறம் போடறதுக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அக்கா சிரிக்கவில்லை.

“தெருவே ஆம்பள இருக்கான்னு சொல்லுது. இல்லன்னு நான் எப்டிம்மா எழுதறது? பௌர்ணமி முடிஞ்சி வரேன். நீ தனியா இருக்கறேன்னு நாலு பேரு சொல்லட்டும்.”

“பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்திங்க சார்...”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது?”

செருப்பு பரணுக்குப் போனது. அக்காவே மோர்க்கடைக்குப் போய், சுற்றி நின்றவர்கள் காதிலும் விழும்படி சொன்னாள். “யக்கா, எனக்கு வூட்டுக்காரரும் இல்ல, நைட் டூட்டியும் இல்ல. நானும் கொழந்தையும்தான். யாரு கேட்டாலும் சொல்லிடுங்க.”

பௌர்ணமியன்று நானே காவலுக்குப் போனேன். “பின்பக்கமா வாடா, யாரும் பாக்காம” என்றாள். திருடனைப்போல் நுழைந்து காவல் காத்தவன் ஊரிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

நிலா ஏறியதும் கதவைத் தட்டினார்கள். தண்ணீருக்கோ, வேறெதற்கோ. கொஞ்சம் விட்டு, மறுபடி பலமாக. தாழ்ப்பாள் ஆடியது. என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் குரல்தான். “யார்றா அது” என்று கத்த வாயெடுத்தேன்.

அக்கா என் வாயைப் பொத்தினாள். “ஆம்பளக் கொரல் தெருவுக்குக் கேக்கும்டா” என்றாள் காதோடு. தாழ்ப்பாள் மறுபடி ஆடியபோதும் பிடியை விடவில்லை.